ஈதன், லீ: வீட்டுக்குள் இருக்க முடியாத இரண்டு பேர்

கேள்வி இது: "'தி சர்ச்சர்ஸ்', 'மான்செஸ்டர் பை தி சீ' இரண்டையும் எல்லோரும் மாஸ்டர்பீஸ் என்கிறார்கள். முதல் படம் செவ்விந்தியர்களைச் சுட்டுத்தள்ளும் பழைய இனவெறிப் படமாகத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவதில் ஒருவர் இரண்டேகால் மணி நேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறார், கடைசியிலும் ஒன்றும் மாறவில்லை. உங்களுக்கு இவற்றில் அப்படி என்ன பிடித்திருக்கிறது?"

இரண்டு புகாரிலும் உண்மை இருக்கிறது. முதலாவதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், இரண்டாவதில் கொஞ்சம்தான். கதையின் முடிவுகளையெல்லாம் உடைத்துத்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. அறுபது வருட இடைவெளியில் வந்த படங்கள், ஆனால் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான். இரண்டிலும் நாயகன் தன் சகோதரனை இழக்கிறான். சகோதரனின் பிள்ளை இவன் பொறுப்பில் வந்து விழுகிறது. அந்தப் பிள்ளையை ஒரு குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். தான் மட்டும் அங்கே தங்க முடியாமல் விலகிப் போகிறான். நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்: முதல் படத்தின் நாயகன் ஈதனுக்கு வெறுப்பதற்கு ஆள் கிடைக்கிறது, இரண்டாவதின் நாயகன் லீக்குக் கிடைக்கவில்லை. இரண்டு படங்களும் பிரிவது அந்த இடத்தில்தான்.

முதலில் 'தி சர்ச்சர்ஸ்'. 1956இல் வந்தது. ஜான் ஃபோர்டு இயக்கம், ஈதன் எட்வர்ட்ஸாக ஜான் வெய்ன். கதை தொடங்குவது 1868, டெக்ஸாஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, தோற்ற தெற்குப் படையின் வீரனான ஈதன் இப்போதுதான் சகோதரன் ஆரனின் பண்ணை வீட்டுக்கு வருகிறான். இடைப்பட்ட காலத்தில் எங்கே இருந்தான், கையில் இருக்கும் புத்தம்புதுப் பொற்காசுகள் எப்படி வந்தன என்று யாருக்கும் சொல்வதில்லை. ஆரனுடைய மனைவி மார்த்தாவை அவன் பார்க்கும் விதமும், அவள் அவனைப் பார்க்கும் விதமும் போதும். இவர்களுக்குள் என்றோ ஏதோ இருந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

அதைப் படம் ஒரு வார்த்தையாலும் சொல்வதில்லை. ஒரே ஒரு காட்சி: கால்நடைத் திருடர்களைத் துரத்த ஆட்கள் கிளம்புகிறார்கள். மார்த்தா உள்ளறையில் ஈதனின் மேலங்கியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அதை மெல்லத் தடவிக்கொடுக்கிறாள். முன்னால் நின்று காபி குடித்துக்கொண்டிருக்கும் கேப்டன் கிளேட்டனின் கண்ணில் அது பட்டுவிடுகிறது. அவர் பார்வையை நேராக வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர்போல் காபியைக் குடிக்கிறார். ஊருக்கே தெரிந்த, ஊரே பேசாத விஷயம் என்பது அந்த ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. இதைத் தவறவிட்டால் மீதிப் படம் வெறும் துரத்தல் கதைதான். உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்.

கால்நடைத் திருட்டு ஒரு சூழ்ச்சி. ஆண்களை வெளியே இழுத்துவிட்டு கமாஞ்சி என்ற பூர்வகுடியினர் வீட்டைத் தாக்கப்போகிறார்கள் என்பது ஈதனுக்கு வழியில் புரிகிறது. வீடு வெகு தொலைவில் இருக்கிறது. ஆரன் வீட்டு வளர்ப்புப் பையன் மார்ட்டின் அந்த நிமிடமே குதிரையைத் திருப்பிப் பறக்கிறான். ஈதன் இறங்கி, சேணத்தைக் கழற்றி, குதிரையின் உடம்பைத் துடைக்கிறான். குதிரை களைத்திருக்கிறது, ஓய்வும் தீனியும் இல்லாமல் ஓட்டினால் பாதி வழியில் செத்துவிழும், எப்படிப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவனுக்குத் தெரியும். (மார்ட்டினின் குதிரை அப்படியே சாகவும் சாகிறது.) கை குதிரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. முகம் மட்டும் எங்கோ பார்க்கிறது. ஜான் வெய்னுக்கு நடிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை, இந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டிவிடுவேன்.

வீடு எரிந்து கிடக்கிறது. அவன் கூப்பிடும் பெயர் ஒன்றுதான்: மார்த்தா. சகோதரன் பெயரைக் கூப்பிடவில்லை. அவளுடைய உடல் கிடக்கும் கொட்டகைக்குள் அவன் போவதைப் பார்க்கிறோம், அவன் பார்ப்பதை நமக்குக் காட்டுவதில்லை. உள்ளே போகத் துடிக்கும் மார்ட்டினை அடித்தே தடுக்கிறான். அடக்கத்தின்போது பிரார்த்தனை நீள்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆமென் போட்டு முடியுங்கள் என்று கத்திவிட்டுக் கிளம்புகிறான்.

என் கருத்தில் படத்தின் அச்சாணி அந்த அவசரம். மார்த்தாவுக்காக அழும் உரிமை ஈதனுக்கு இல்லை. அவள் சகோதரனின் மனைவி. அந்தச் சமூகத்தில் அவனுடைய துக்கத்துக்குப் பெயர் கிடையாது, இடம் கிடையாது. அதனால் அது உடனே வேறொன்றாக மாறுகிறது. கமாஞ்சிகள் கடத்திப்போன மார்த்தாவின் இரண்டு பெண்களில் மூத்தவள் லூசியின் உடலைக் கண்டுபிடித்துத் தன் போர்க்கால அங்கியில் சுற்றிப் புதைக்கிறான். அப்போதும் உடனே யாரிடமும் சொல்வதில்லை. சின்னவள் டெபியைத் தேடும் வேலை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நாள் ஆக ஆக, அவளை மீட்பதற்காக அவன் அலையவில்லை என்று மார்ட்டினுக்குப் புரிகிறது. அவள் கமாஞ்சிப் பெண்ணாக வளர்ந்துவிட்டால் சுட்டுக் கொல்வதற்காக அலைகிறான்.

இப்போது இனவெறிக்கு வருவோம். ஈதன் இனவெறியன், அதில் விவாதமே இல்லை. புதைக்கப்பட்ட கமாஞ்சி ஒருவனின் கண்களைச் சுடுகிறான். கண் இல்லாவிட்டால் அவன் ஆவி அடுத்த உலகத்துக்குள் போக முடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை என்று விளக்கம் வேறு சொல்கிறான். எதிரியின் மொழியும் நம்பிக்கையும் அவனுக்கு அத்துப்படி. தெரியாததால் வரும் வெறுப்பு என்று அவனை மன்னிக்க வழியே இல்லை. எருமைக் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளுவதும் கமாஞ்சிகளுக்குக் குளிர்காலத்தில் தின்ன எதுவும் கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

படமும் அவனோடு சேர்ந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, லாரி. மார்ட்டினைக் காதலிக்கும் பக்கத்துப் பண்ணைப் பெண், படத்திலேயே மனசுக்கு நெருக்கமான பாத்திரம். அவள் கல்யாண உடையில் நின்றுகொண்டு சொல்கிறாள்: டெபியின் தலையில் ஈதன் ஒரு குண்டை இறக்குவான், மார்த்தா உயிரோடிருந்தால் அவளும் அதைத்தான் விரும்புவாள். வெள்ளை உடையில் நிற்கும் அந்த நல்ல பெண் இதைச் சொன்ன பிறகு, விஷம் ஒரு முரட்டு மனிதனின் தலையில் மட்டும் இருக்கிறது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. முழு ஊரும் அதில்தான் வாழ்கிறது.

இன்னொரு சாட்சி கமாஞ்சித் தலைவன் ஸ்கார். அவனுடைய இரண்டு மகன்களை வெள்ளையர்கள் கொன்றிருக்கிறார்கள், அதற்குப் பதிலாகத்தான் இத்தனை தலைத்தோல்கள் உரித்தேன் என்கிறான். அதாவது அவனும் துக்கத்தில் இருப்பவன். ஈதன் எதைச் செய்கிறானோ அதையே செய்கிறான். இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் ஒருவன் பேசுவதுபோலவே மற்றவனும் பேசுகிறான். கடைசியில் ஸ்காரைக் கொல்வது மார்ட்டின்தான், ஆனால் பிணத்தின் தலைத்தோலை உரிப்பது ஈதன். காட்டுமிராண்டித்தனம் என்று எதைச் சொல்லித் துரத்தினானோ அதைத் தானே செய்து முடிக்கிறான்.

இவ்வளவு தெளிவாக யோசித்த படம், அதே நேரத்தில் எவ்வளவு சொதப்புகிறது என்றும் சொல்லியாக வேண்டும். ஸ்காராக நடித்தவர் ஹென்றி பிராண்டன், ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர். கமாஞ்சிகளாக வருபவர்கள் நவஹோ மக்கள். டெக்ஸாஸ் என்று காட்டப்படும் செம்பாறைக் கோபுரங்கள் அரிசோனா, யூட்டா எல்லையிலுள்ள மானுமென்ட் வேலி, அது நவஹோ நிலம். வின்டன் ஹாக்கின் ஒளிப்பதிவில் அது அசரவைக்கிறது. அங்கே எவன் மாடு மேய்ப்பான் என்று மட்டும் கேட்கக்கூடாது. இதையெல்லாம் அந்தக் கால ஹாலிவுட் என்று விட்டுவிடலாம். விடமுடியாதது, லுக் என்ற பூர்வகுடிப் பெண்ணை நடத்தும் விதம். மார்ட்டின் தெரியாமல் பண்டமாற்றில் அவளை மனைவியாக வாங்கிவிடுகிறான். படுக்க வந்தவளை எட்டி உதைக்கிறான், அவள் சரிவில் உருண்டு போகிறாள், ஈதன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், நாமும் சிரிக்க வேண்டுமாம். பிறகு குதிரைப்படை நடத்திய படுகொலையில் அவள் செத்துக் கிடக்கும்போது படம் திடீரென்று அவளுக்காக வருந்துகிறது. பரிகாசத்துக்கு ஈடு கட்டத்தான் அந்த வருத்தம் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை டெபி. சிறுவயதில் தூக்கிச் செல்லப்பட்டு, அவர்களிடையே வளர்ந்து, ஸ்காரின் மனைவிகளில் ஒருத்தியாகிவிட்டவள். அவள் கண் முன்னால் கூடாரங்கள் அழிகின்றன. அவளுக்கு என்ன துக்கம் என்று படம் கேட்பதே இல்லை. இந்தக் கதைக்குப் பின்னால் நிஜப் பெண் ஒருத்தி இருந்தாள்: சிந்தியா ஆன் பார்க்கர். 1836இல் ஒன்பது வயதளவில் டெக்ஸாஸில் கமாஞ்சிகளால் கடத்தப்பட்டாள். அவளுடைய பெரியப்பாவோ சித்தப்பாவோ முறையான ஜேம்ஸ் பார்க்கர் பல வருடம் தேடினார், கிடைக்கவில்லை. 1860இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் அவளைக் கைக்குழந்தையோடு பிடித்து 'மீட்டார்கள்'. அதற்குள் அவள் முழுக்க கமாஞ்சி. மகன்கள் அங்கே இருந்தார்கள், அவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற தலைவர் குவானா பார்க்கர். திரும்பிப் போக அவள் முயன்றுகொண்டே இருந்தாள், விடவில்லை. சில வருடங்களில் குழந்தையும் நோயில் போயிற்று. அவளுடைய சாவு வரைக்கும் நீண்ட துக்கம் அது. அந்தப் படத்தை யாராவது எடுத்திருந்தால் ஃபோர்டின் படத்தைவிட மேலாக இருந்திருக்கும்.

சரி, பிறகு ஏன் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்? முடிவுக்காக. ஆலன் லெ மே எழுதிய மூல நாவலில் இந்தப் பாத்திரம் கடைசியில் சாகிறது. ஃபோர்டு அவனை வாழவிடுகிறார், அது இன்னும் கொடிய தண்டனை. ஈதன் டெபியைக் குதிரையில் துரத்திப் பிடிக்கிறான். கொல்லப்போகிறான் என்றே நினைக்கிறோம். இரண்டு கையாலும் அவளைத் தலைக்கு மேலே தூக்குகிறான், படத்தின் ஆரம்பத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்குள் தூக்கினானே, அதேபோல. பிறகு வீட்டுக்குப் போகலாம் என்கிறான். ஏன் மனம் மாறியது? படம் ஒரு காரணமும் தருவதில்லை. முன்பு எனக்கு இது திரைக்கதையின் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது, இப்போது அப்படித் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பழகிய கை, மண்டை சொன்னதைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். கொள்கை மாறியதாக எந்த அடையாளமும் இல்லை, அவன் திருந்திய மனிதனாக வீட்டுக்குள் வருவதும் இல்லை. எல்லோரும் உள்ளே போகிறார்கள், அவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தோரணை, மௌனப்பட கால நடிகர் ஹாரி கேரிக்கு வெய்ன் செய்த மரியாதை. கேரியின் மனைவி ஆலிவ் இதே படத்தில் லாரியின் அம்மாவாக நடித்திருக்கிறார். கதவு சாத்திக்கொள்கிறது.

'மான்செஸ்டர் பை தி சீ' 2016. எழுதி இயக்கியவர் கென்னத் லோனர்கன், நாடக ஆசிரியர். லீ சாண்ட்லராக நடித்த கேஸி அஃப்லெக்குக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கர் கிடைத்தது. லீ, பாஸ்டனை ஒட்டிய குவின்ஸியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கழிப்பறை அடைப்பெடுத்து, பனி அள்ளிப்போட்டு வாழ்கிறவன். அண்ணன் ஜோ இதய நோயில் இறந்துவிடுகிறார். ஊருக்குப் போனால், ஜோவின் பதினாறு வயது மகன் பாட்ரிக்குக் கார்டியன் நீதான் என்று உயில் சொல்கிறது. அந்த ஊருக்கு லீயால் ஏன் திரும்ப முடியாது என்பதை வக்கீல் அறையில் அவன் உட்கார்ந்திருக்கும்போது படம் காட்டுகிறது. ஒரு குளிர்கால இரவில், போதையில், கணப்பில் கட்டையைப் போட்டுவிட்டு, முன்னால் தடுப்பை வைக்க மறந்து, பீர் வாங்கக் கடைக்கு நடந்து போனான். திரும்பி வந்தபோது வீடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று குழந்தைகளும் உள்ளே.

இங்கேயும் எரியும் வீடு, இங்கேயும் நேரம் கடந்து வந்து நிற்கும் ஆண். ஆனால் துரத்திப் போக ஸ்கார் இல்லை. காவல் நிலையத்தில் லீ எல்லாவற்றையும் சொல்கிறான். அவர்கள் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, நீங்கள் போகலாம் என்கிறார்கள், மறந்துபோவது குற்றம் இல்லையாம். நம்ப முடியாமல் பார்க்கிறான். தண்டனை கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் வந்தவன். வெளியே வரும்போது ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன்னைச் சுட்டுக்கொள்ளப் பார்க்கிறான், தடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் பார்களில் முன்பின் தெரியாதவர்களை அடிப்பதும், அடி வாங்குவதும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்தத் தண்டனையைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஒன்றும் மாறவில்லை என்ற உங்கள் புகார் இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அவன் தேறிவிடாததுதான் படத்தின் நேர்மை. ஊரிலேயே இருந்துவிடேன் என்று பாட்ரிக் கேட்கும்போது, என்னால் இதை ஜெயிக்க முடியவில்லை என்று நேராகச் சொல்கிறான். வழக்கமான படத்தில் அனாதைப் பையனின் அன்பு இவனைக் குணமாக்கியிருக்கும். லோனர்கன் அந்தப் பொய்யைச் சொல்ல மறுக்கிறார். பாட்ரிக்கை நண்பர் ஜார்ஜின் குடும்பம் தத்தெடுக்கிறது. பாஸ்டனில் கூடுதலாக ஓர் அறை இருக்கும் வீடாகத் தேடுவதாக லீ சொல்கிறான். எதற்கு என்று பையன் கேட்டால், நீ எப்போதாவது வந்தால் தங்க என்கிறான். ஒற்றை அறையில் ஒளிந்து வாழ்ந்தவனுக்கு அது பெரிய நகர்வு. ஈதனால் முடியாதது அது.

அப்புறம், இந்தப் படம் வெறும் சோகம் என்று சொல்கிறவர்கள் அதன் நகைச்சுவையைக் கவனிக்கவில்லையோ என்று நினைப்பேன். பாட்ரிக்குக்கு இரண்டு காதலிகள், ஒரு மோசமான ராக் பேண்ட், ஹாக்கி அணி, அப்பாவின் படகு. அப்பா செத்ததற்காக இதில் எதையும் விடுவதாக அவனுக்கு உத்தேசம் இல்லை. சித்தப்பாவும் பையனும் காரை எங்கே நிறுத்தினோம் என்று குளிரில் நடுங்கிக்கொண்டு சண்டைபோடுகிறார்கள். நிலம் உறைந்து கிடப்பதால் வசந்தம் வரும்வரை ஜோவைப் புதைக்க முடியாது, உடலைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். பையன் அதைப் பற்றி எரிச்சலாகப் பேசுகிறானே தவிர அழவில்லை. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜைத் திறக்கும்போது உறைந்த கோழி இறைச்சி சரிந்து விழுகிறது, திரும்ப உள்ளே அடைக்க முடியவில்லை, அந்த இடத்தில் மூச்சு முட்டி உடைந்துபோகிறான். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் அடக்கத்தை அவசரமாக முடித்தார்கள், இங்கே முடிக்கவே விடாமல் நிலம் பிடிவாதம் பிடிக்கிறது. இரண்டிலும் ஆண்கள் அழத் தெரியாமல் விழிக்கிறார்கள்.

லோனர்கனின் கெட்டிக்காரத்தனம் சின்னச் சின்ன இடைஞ்சல்களில் இருக்கிறது. தீ விபத்தன்று லீயின் மனைவி ராண்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஸ்ட்ரெச்சரின் கால்கள் மடங்க மாட்டேன் என்கின்றன, பணியாளர்கள் தடுமாறுகிறார்கள். வாழ்க்கையின் மிக மோசமான இரவிலும் இரும்புச் சாமான் மக்கர் பண்ணும். பெரும்பாலான இயக்குநர்கள் அதை வெட்டி எறிந்திருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அந்தத் தீ விபத்துக் காட்சி முழுக்க 'அல்பினோனியின் அடாஜியோ' என்று சொல்லப்படும் இசை ஓங்கி ஒலிக்கிறது. (உண்மையில் அது 20ஆம் நூற்றாண்டில் ரெமோ ஜாசோட்டோ எழுதியது.) எத்தனையோ படங்களில் அழவைக்கப் பயன்பட்டுத் தேய்ந்துபோன இசை. அவ்வளவு அடக்கமாகப் போகும் படம் அங்கே மட்டும் நம் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. அமைதியாக விட்டிருந்தால் இன்னும் தாங்க முடியாமல் இருந்திருக்கும். இதில் என்னோடு சண்டைபோடும் நண்பர்கள் உண்டு.

தெருவில் லீயும் ராண்டியும் சந்திக்கும் காட்சி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ராண்டியாக நடித்த மிஷெல் வில்லியம்ஸ் மொத்தப் படத்திலும் வரும் நேரம் குறைவு. அவர் மறுமணம் செய்து, புதுக் குழந்தையோடு வருகிறார். மன்னிப்புக் கேட்கிறார், இன்னும் அன்பு இருக்கிறது என்கிறார். ஒருவர் வாக்கியம் முடிவதற்குள் மற்றவர் குறுக்கே பேசுகிறார், ஒரு வாக்கியமும் முழுதாக முடிவதில்லை. மன்னிப்பு லீக்கு மருந்தாக இல்லை, அவனைத் துரத்தியடிக்கிறது. வெறுக்க வேறு ஆளில்லாத மனிதனிடம் வந்து, உன்னை நீயே வெறுப்பதையும் நிறுத்து என்றால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்?

எது மேல் என்றால், குறை குறைவான படம் 'மான்செஸ்டர்'. அதில் நான் கூசி நெளியும் இடம் அந்த இசை ஒன்றுதான். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. ஆனாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஃபோர்டின் படத்தைத்தான் எடுப்பேன். லீயின் துக்கம் அவனையும் அவனைச் சுற்றியுள்ள சிலரையும் எரிக்கிறது. ஈதனின் துக்கம் துப்பாக்கியோடு ஊர் ஊராகப் போகிறது, அதற்குச் சட்டமும் குதிரைப்படையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் துணை நிற்கிறார்கள். துக்கம் அரசியலாக மாறும் விதத்தை, தானும் அதில் பாதி மாட்டிக்கொண்டே, காட்டிய படம் அது.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் 'மான்செஸ்டர்' முதலில், சில நாள் விட்டு மற்றது. லீயைப் பார்த்த கண்ணோடு போனால் ஈதன் குதிரையைத் துடைக்கும் காட்சி வேறு மாதிரி தெரியும். லாரியைக் கட்டிக்கொள்ள வந்த சார்லி மக்காரியின் கல்யாணச் சண்டை வரும்போது எழுந்துபோய் டீ போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சண்டை முடிந்து சற்று நேரத்தில்தான் லாரி அந்தப் பேச்சைப் பேசுகிறாள், அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுங்கள்.